சும்மா குழு

என் ஸ்டெல்லா,

முதுகுவலி போய்விட்டது. முதலில் உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கவைத்த அந்த வலி, நீ போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது இல்லவே இல்லை. தூக்கி உட்காரவைக்க நீ இல்லை, வலியும் இல்லை. நீ இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த வலியாவது கூட இருந்திருக்கலாம்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. உன் பிஎச்.டி. ஆய்வுக்கு வழிகாட்டிய கைட் சார் வீட்டுக்கு வந்துபோனார். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரியும், கேட்காமலும் இருக்க முடியவில்லை. நீ அறிந்த கதையை உனக்கே திரும்பச் சொல்கிறேன் என்று சிரிக்காதே. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்குகிறது.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில்தான் உன்னை முதலில் பார்த்தேன். தோளில் பெரிய பை, அதற்குள் மைதானத்தில் அடையாளத்துக்கு வைக்கிற ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூம்புகள். ஒவ்வொரு படியிலும் வலது காலை யோசித்து யோசித்து வைத்து இறங்கிக்கொண்டிருந்தாய். பையை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க, வெயிட்டு எனக்குப் பிரச்சினை இல்ல. முட்டிதான் பிரச்சினை," என்றாய்.

அந்த முட்டியின் கதையைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுசாகச் சொன்னாய். செங்கல்பட்டை ஒட்டிய காலனியில் கூலி வேலை செய்த அப்பா அம்மாவுக்குப் பிறந்து, கபடியால் மட்டுமே கல்லூரிக்குள் நுழைந்தவள் நீ. ஒரு போட்டியில் ரெய்டு போய்த் திரும்பும்போது கால் தரையில் ஊன்றியபடியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்லக்கூட அப்போது உன்னைச் சுற்றி ஆள் இல்லை. எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டார்கள். நீ அதோடு ஆட்டத்தை விட்டாய். ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. ஆட்டக்காரப் பெண்களுக்கு ஏன் முட்டி போகிறது? போகாமல் தடுக்க, ஜிம் வசதி எதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்யலாம்? உடற்கல்வி படித்து, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, அதையே பிஎச்.டி. தலைப்பாக எடுத்துக்கொண்டாய்.

உன் ஆய்வை எனக்கு விளக்கிய இரவுச் சாப்பாடு நினைவிருக்கிறதா? தட்டில் சோற்றை மூன்றாகப் பிரித்தாய். "இது மணல் குழு. மாமல்லபுரத்துல பீச் மணல்ல குதிக்கிற பயிற்சி. இது தரைக் குழு. அதே பயிற்சி, ஸ்கூல் கிரவுண்டுல. குதிச்சி எறங்கறப்ப முட்டி உள்ள மடங்காம நிக்கப் பழகணும், இடுப்பும் தொடையும் வலுவாவணும். அவ்ளோதான்."

"மூணாவது?"

"அது சும்மா குழு. எப்பவும் ஆடற மாதிரி ஆடுவாங்க. நாம ஒண்ணும் சொல்லித் தர மாட்டோம். கடைசியில மூணு குழுவையும் அளந்து பாத்தாத்தான் பயிற்சியால வந்துச்சா, சும்மாவே வந்துச்சான்னு தெரியும்."

நான் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை செய்பவன். பிரேக் பாகங்களை எந்திரத்தில் பூட்டி, அவை உடையும்வரை அழுத்திப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எனக்கு உன் கணக்கு உடனே புரிந்தது. புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். உடைகிற இரும்புக்கு அம்மா அப்பா இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன்னிடம் கபடி ஆட வந்த பெண்களில் யார் எந்தக் குழு என்பதை நீ முடிவு செய்யக் கூடாது, அது ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று சீட்டு எழுதி டப்பாவில் போட்டாய். ரேவதி சிரித்துக்கொண்டே கையை விட்டு எடுத்தாள். மாமல்லபுரத்து மீனவர் வீட்டுப் பெண். உன் கூட்டத்திலேயே வேகமான கால் அவளுடையது என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாய். அவள் சீட்டில் சும்மா குழு என்று வந்தது. "இன்னா மேடம், எனக்கு பீச்சு இல்லியா? வூட்டு வாசல்லதான் மேடம் கீது!" என்று அவள் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வு முடிந்ததும் உங்களுக்கும் இதே பயிற்சி உண்டு என்று சொன்னாய்.

அந்த நாள் வருவதற்கு முன்னால், ஒரு சாதாரணப் பயிற்சி ஆட்டத்தில், ரேவதியின் முட்டி போயிற்று. உன் முட்டி போன அதே மாதிரி. கால் நின்றது, உடம்பு திரும்பியது.

நீ மைதானத்திலிருந்து எனக்கு போன் செய்தாய். நான் கம்பெனியில் எந்திரச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ பேசியது ஒரே வரிதான். "யோவ், சும்மா இருன்னு நான் சொன்ன பொண்ணுய்யா."

அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. நீ ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அவள் அம்மா உன்னைத் திட்டவில்லை, உனக்கும் சேர்த்து இட்லி வாங்கிவந்தார். அதை உன்னால் தாங்க முடியவில்லை. ஆய்வையே நிறுத்திவிடலாமா என்று கைட் சாரிடம் கேட்டாய். அவர் நியாயமான மனிதர். "நீ பயிற்சி கொடுத்திருந்தா மட்டும் கிழிஞ்சிருக்காதுன்னு உனக்குத் தெரியுமாம்மா? தெரியாததாலதானே ஆய்வே பண்றோம்," என்றார். அது சரிதான். சரியாக இருந்ததால் உனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து டீ ஆற்றிக் கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய என்ன இருந்தது?

அதற்குள் மற்றக் குழுக்களும் கரைய ஆரம்பித்தன. ஒருத்திக்குக் கல்யாணம். சிலருக்கு மறைமலைநகரில் வேலை கிடைத்துவிட்டது. காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணை ஆறு மணிக்குக் கடற்கரையில் குதிக்கச் சொல்ல முடியுமா? நீ யாரையும் வற்புறுத்தவில்லை. மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு கடைசிச் சோதனைக்கு நாள் குறித்தாய்.

அன்று நானும் லீவு போட்டுவிட்டு மாமல்லபுரம் வந்தேன். ஃபைபர் படகுகள் கரையேறி வலை உதறிக்கொண்டிருந்த நேரம். பெண்கள் கோட்டில் நின்றார்கள். நீ விசில் ஊதினாய், அவர்கள் ஓடினார்கள், நீ ஸ்டாப்வாட்சைப் பார்த்து நின்றாய். மறுபடி ஓடச் சொன்னாய். மறுபடியும். பிறகு என்னிடம் நீட்டி, "பட்டன் கெட்டுப்போச்சு போல, பாரு," என்றாய்.

நான் அழுத்தினேன். ஓடியது. அழுத்தினேன். நின்றது.

நீ அதை வாங்கி உன் கட்டை விரலால் அழுத்தினாய். விரல் பட்டன் மேல்தான் இருந்தது. அழுத்தம்தான் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை. கணக்குப் போடும்போது புருவத்தைச் சுருக்குவாயே, அந்த முகம். "சரி, நீயே புடி," என்று சொல்லிவிட்டு மீதிச் சோதனையை நடத்தி முடித்தாய்.

கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். நரம்பு அழுத்தம் என்றார்கள். சட்டைப் பட்டன் போட முடியாமல், பிறகு டம்ளர் பிடிக்க முடியாமல், சென்னைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தோம். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும், நிறுத்த மருந்து இல்லை என்று அவர் மிக மெதுவாகச் சொன்னார். நான்தான் கேட்டேன்: "பயிற்சி பண்ணா சரியாவுமா டாக்டர்? இவங்க அதுலதான் ஆராய்ச்சி பண்றாங்க."

டாக்டர் பதில் சொல்லுமுன் மேசைக்குக் கீழே உன் கை என் முழங்காலைத் தொட்டது. அழுத்த வராமல் சும்மா தொட்டது. "தசையில தப்பு இல்லய்யா," என்றாய். "அதுக்குப் போற கம்பி அறுந்துகினு வருது. கம்பி இல்லாம லைட்ட எத்தினி தடவை மாத்தினா இன்னா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தனை வருடம் மனித உடம்பை எப்படி வலுவாக்குவது என்று படித்தவளுக்கு இந்த நோய். இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? நீ கேட்கவில்லை. உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டி போட்டுக் கேட்டார். நான் கம்பெனி எந்திரத்தின் முன்னால் நின்று கேட்டேன்.

உன் கைகள் ஓய்ந்த பிறகு ஆய்வேட்டை நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆகும். கைட் சார் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். முடிவுகள் வந்தன. பயிற்சி செய்த இரண்டு குழுவும் கொஞ்சம் முன்னேறியிருந்தன. மணலுக்கும் தரைக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. நீ எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் வரவில்லை.

கைட் சார் அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னார். "பயிற்சி எடுத்த ரெண்டு குழுவுலயும் யாருக்கும் முட்டி போகலம்மா. எடுக்காத குழுவுல போச்சு. அத முன்னால வெச்சி எழுதினா ஆய்வு பேசும்."

உனக்கு நாக்கு தடிக்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் தெளிவாகவே சொன்னாய். "ஒரு முட்டிய வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது சார். தரைக் குழுவுல போயிருந்தா? அப்ப பயிற்சிதான் கெடுத்துச்சின்னு எழுதுவோமா?" அவர் போன பிறகு என்னிடம் ஒரு வாக்கியம் தட்டச் சொன்னாய். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, இந்தப் பயிற்சி முட்டியைக் காக்கும் என்றோ காக்காது என்றோ சொல்ல இயலாது.

"இவ்ளோ கஷ்டப்பட்டுட்டு தெரிலன்னா எழுதறது?" என்று எனக்குக் கோபம் வந்தது.

"தெரிலன்னா தெரிலன்னுதான்யா எழுதணும்," என்றாய்.

கால்களும் போன பிறகு உன்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தூக்குவது என் வேலை ஆனது. பகலில் உன் அம்மா பார்த்துக்கொள்வார், தூக்குகிற வேலை மட்டும் நான் வரும்வரை காத்திருக்கும். முதல் வாரமே என் முதுகு பிடித்துக்கொண்டது. நீ படுத்தபடியே என்னைத் திட்டினாய். "யோவ், நாத்து நடற மாதிரி குனியாத. கிட்ட வா. கால அகட்டு. இடுப்ப பின்னால தள்ளு. என்னை நெஞ்சோட ஒட்டிக்கோ. இப்ப மூச்ச புடிச்சிகினு காலால எழுந்திரு, கையால இல்ல." எழுந்தேன். உன் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. "ஆங். இன்னிக்கி ஃபார்ம் நல்லா கீது," என்றாய் என் காதோரம், பயிற்சியில் உன் பெண்களிடம் சொல்வதுபோல.

தினமும் திருத்தினாய். நீ எடை குறைந்துகொண்டே வந்தாய். என் தொடை வலுவாகிக்கொண்டே வந்தது. இதை எங்கே போய்ச் சொல்வேன் ஸ்டெல்லா? நீ கடைசியாக வலுவாக்கிய உடம்பு என்னுடையது. அந்த வலுவை வைத்துக்கொண்டு உன்னை ஒரு நாள்கூட அதிகம் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ரேவதி உன்னைப் பார்க்க வந்தது அப்போதுதான். அவள் இப்போது மறைமலைநகரில் வேறொரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். யூனிஃபார்மோடு வந்திருந்தாள். நின்று செய்கிற வேலை, சாயங்காலமானால் முட்டி வீங்குகிறது என்று என்னிடம் வாசலிலேயே சொன்னாள். உன்னிடம் சொல்லவில்லை. உன் பேச்சு அப்போது எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் புரியும். நீ அவளிடம் எதையோ சொல்ல முயன்றாய், அவளுக்குப் புரியவில்லை, மறுபடி சொன்னாய்.

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணா சொல்றாங்க?"

நான் சொன்னேன். "உன்னை அந்தக் குழுவுல போட்டதுக்கு மன்னிச்சிடுங்கறா."

ரேவதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ மேடம். சீட்டு எடுத்தது நான்தான மேடம். என் கைதான மேடம் எடுத்துச்சி." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உன் விரல்களை எடுத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நீ அழுதாய். கண்ணைத் துடைத்துக்கொள்ள உன் கை வரவில்லை. அவள் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

மூச்சு விடுவதும் தசை வேலைதான் என்று நீ முன்பே என்னைத் தயார் செய்திருந்தாய். தயாராக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் அம்மா கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தபோது, உன் மார்பு ஏறுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு இன்னும் நேரம் எடுத்துக்கொண்டது. உன்னைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். என்னிடம் இருந்த பலம் எல்லாம் என் கையில் இருந்தது. அதில் துளிகூட உனக்குள் போகவில்லை.

செங்கல்பட்டில் உன் அப்பா பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். உன் பெண்கள் ஜெர்சியோடு வந்தார்கள். யாரோ ஒருத்தி குழி மேட்டில் கால் சறுக்கியபோது, முட்டி உள்ளே மடங்காமல் சரியாக ஊன்றி நின்றாள். அதைக்கூட கவனித்த என்னை நான் என்ன சொல்ல?

இனி கைட் சார் விஷயம். ஆய்வேடு நீ சமர்ப்பிக்கும் முன்னால் நின்றுபோனது. நீ இல்லாமல் பட்டம் இல்லை என்று விதி சொல்கிறதாம். அவர் எங்கெங்கோ அலைந்து பார்த்தார், நடக்கவில்லை. அதனால் ஒரு கட்டுரையாகவாவது உன் பெயரில் ஆய்விதழில் வரட்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். நான் தட்டிய வாக்கியங்கள் பல அதில் இருந்தன. அந்த ஒரு வாக்கியம் இல்லை. அதன் இடத்தில், பயிற்சி பெறாத குழுவில் மட்டுமே காயம் ஏற்பட்டது என்று இருந்தது.

"இது ஸ்டெல்லா சொன்னது இல்லையே சார்," என்றேன்.

"பொய் இல்லையே தம்பி. நடந்ததுதானே?"

"நடந்ததுதான் சார். ஆனா அவ ஒத்துக்க மாட்டா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ இல்லையே தம்பி," என்றார். "இப்பிடி எழுதினாத்தான் எடுப்பாங்க. அவ பேரு எங்கியாச்சும் நிக்கணும்னு ஆசப்படறேன். வேற எனக்கு இதுல இன்னா லாபம்?"

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கும் அந்த ஆசை இல்லையா? உன் பெயர் அச்சில் வந்தால், உன் அம்மா அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வார். நான் யார் தடுக்க? உடற்கல்வி படித்தேனா, ஆராய்ச்சி செய்தேனா? தட்டச்சு செய்தவன்.

முட்டி ரேவதியுடையது, அவளிடம் கேட்போம் என்று தோன்றியது. பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "என் முட்டிய போட்டா மேடம் பேரு வருமா? அப்ப போட்டுக்கச் சொல்லுங்கண்ணா. எனக்கு வேற எதுக்கு ஒதவுது அது?"

அந்தப் பதிலோடு நான் வீட்டுக்கு வந்து விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். இப்போது நீயும் இல்லை, அவள் சம்மதம் இருக்கிறது, சாரின் நல்லெண்ணம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது நீ தடித்த நாக்கோடு சொல்லி நான் தட்டிய ஒரே ஒரு வாக்கியம். நீயே சொல், நான் செய்தது சரியா? மறுநாள் சாருக்கு போன் செய்து, அவள் வாக்கியம் இல்லாமல் அவள் பெயர் வேண்டாம் என்று சொன்னேன். அவர், "சரிப்பா. அவ எழுதினபடியே அனுப்பறேன். திரும்பி வந்துச்சின்னா என்னைக் கேக்கக் கூடாது," என்றார்.

திரும்பி வந்துவிட்டது. இன்று காலை போன் செய்து சொன்னார். கலந்துகொண்டவர்கள் எண்ணிக்கை போதாது, தெளிவான முடிவு இல்லை என்று காரணம் எழுதியிருக்கிறார்களாம். அதைத்தானே நீயே முதலில் எழுதினாய். உன்னோடு ஒத்துப்போய்த்தான் உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"வேற எடத்துக்கு அனுப்பலாமா சார்?" என்று கேட்டேன்.

"அனுப்பலாம். அங்கயும் இதான் சொல்லுவாங்க."

"பரவால்ல சார். அனுப்புங்க."

என்னால் ஆனது இவ்வளவுதான் ஸ்டெல்லா. உன் நோயை என்னால் நிறுத்த முடியவில்லை. ரேவதியின் முட்டியைத் திருப்பித் தர முடியாது. உனக்குப் பட்டம் வாங்கித் தர முடியவில்லை. அந்தக் கட்டுரை யார் கண்ணிலும் படாமலே போகலாம். ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அது எங்கே போனாலும், எத்தனை முறை திரும்பி வந்தாலும், உனக்குத் தெரியாததைத் தெரியும் என்று உன் பெயரில் யாரையும் சொல்ல விடமாட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன்.

இன்னமும் உன் வூட்டுக்காரன்,
சேகர்